ஸ்கான் அறிக்கையில் எவரும் வாசிக்காத வரி

கொழும்பில் அறுபது தாண்டிய ஒருவரின் தலையை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தால் அறிக்கை பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். கட்டி இல்லை, இரத்தக்கசிவு இல்லை, புதிய பாரிசவாதம் இல்லை. நடுவில் ஒரு வரி இருக்கும்: மூளையின் ஆழ் வெண்பொருளில் சிறு இரத்தக்குழாய் சார்ந்த மாற்றங்கள், ஃபசேக்காஸ் தரம் 2, வயதுக்கு ஏற்றவை. அறிக்கையை வாங்கிவரும் மகன் "கட்டி இல்லை" என்ற இடத்திலேயே மூச்சு விட்டுவிடுவார். வாசலில் இன்னும் முப்பது பேர் காத்திருக்க, வைத்தியரும் "பயப்பட ஒண்டுமில்லை, வயசுக்கு உள்ளதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கோப்பு அலுமாரிக்குள் போய்விடும். சில வருடங்கள் கழித்து, "ஐயாவுக்கு அறளை பேந்திட்டுது" என்று வீட்டில் பேச்சு எழும்பும்போது அந்த வரியைத் தேடி எடுப்பவர் எவருமில்லை.

அந்த வரி அவ்வளவு இலேசாகத் தாண்டிப் போகக்கூடியதல்ல. எழுபது வயதிலும் வெண்பொருள், அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் பரப்பு, கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கிறவர்கள் உண்டு. ஐம்பத்தைந்திலேயே தரம் 2 வந்தவர்களும் உண்டு. வயது ஒன்றே காரணமென்றால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இத்தனை வித்தியாசம் வராது. 1987 இல் ஃபசேக்காஸ் குழுவினர் வகுத்த அந்த அளவுகோலில் 0 என்றால் ஒன்றுமில்லை, 1 என்றால் ஆங்காங்கே புள்ளிகள், 2 என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன, 3 என்றால் சேர்ந்து பெரும் திட்டுகளாகிவிட்டன. இரண்டும் மூன்றும் உள்ளவர்களுக்குப் பாரிசவாதமும், நடைத் தளர்ச்சியும், மறதி நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அந்தத் திட்டுகளை உண்டாக்குவதில் முதலிடம் இரத்த அழுத்தத்துக்கு. இருபது முப்பது வருடப் பிரஷரை மூளை தன் பாட்டில் எழுதிவைத்த கணக்கை அந்த ஒற்றை வரியில் வாசிக்கலாம்.

ஆழத்தில் ஓடும் மெல்லிய குழாய்கள்

மூளையின் எடை உடலின் எடையில் 2 வீதம்தான். இதயம் வெளியேற்றும் இரத்தத்திலோ 15 முதல் 20 வீதம் அதற்குப் போகிறது. கழுத்தின் இரு பக்கமும் ஏறும் கரோட்டிட் நாடிகளும் முள்ளந்தண்டை ஒட்டி ஏறும் இரண்டு நாடிகளும் அதைக் கொண்டுபோகின்றன. "கழுத்தில டொப்ளர் எடுத்தனாங்கள், அடைப்பு இல்லையாம்" என்று ஆறுதலோடு சொல்பவர்கள் ஏராளம். அந்த ஆறுதல் பாதிதான் சரி. டொப்ளர் ஸ்கான் பெரிய குழாய்களைக் காட்டும். சிக்கல் பெரும்பாலும் தொடங்குவது மூளையின் அடியில் இருக்கும் பெரிய நாடிகளிலிருந்து நேராகக் கிளம்பி ஆழத்துக்குள் இறங்கும் நாடிகளில். அவற்றின் விட்டம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. டொப்ளருக்கு அவை எட்டாது. உடம்பின் மற்ற இடங்களில் பெரிய குழாய் படிப்படியாகக் கிளைத்துச் சிறுத்து, அழுத்தம் தணிந்து தணிந்துதான் மெல்லிய குழாய்க்கு வரும். இவற்றுக்கு அந்த வசதி இல்லை. தாங்கி வைக்காமல் வீதிக் குழாயிலிருந்தே நேராக எடுத்த தண்ணீர் லைன் மாதிரி, மெயினில் என்ன அழுத்தமோ அதுவே வந்து அடிக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. இளவயதில், இதயத்திலிருந்து கிளம்பும் மகாநாடி ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் விரிந்து சுருங்கி, வரும் அடியைத் தானே வாங்கித் தணித்து அனுப்பும். வயதும் பிரஷரும் நீரிழிவும் சிகரெட்டும் சேர்ந்து அதை இறுகச் செய்தால் அந்த அடி தணியாமல் மேலே போகும். இதை அறிய விசேட பரிசோதனை இல்லாமலே ஒரு தடயம் கையில் இருக்கிறது. பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 160/70 என்று வந்தால் "கீழ் நம்பர் 70 தானே, நல்லம்" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். அறுபதுக்கு மேற்பட்டவருக்கு அந்த 90 இடைவெளி நல்லதற்கில்லை, மகாநாடி இறுகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. மூளையின் மெல்லிய நாடிகள் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த அடியை வாங்குகின்றன.

வருடக்கணக்கில் அடி வாங்கிய குழாயின் சுவர் தடிக்கும், உட்துளை ஒடுங்கும், உட்படலம் கசியத் தொடங்கும். ஒரு குழாய் முற்றாக அடைபட்டால் 3 முதல் 15 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு குழி விழும். அது கைகால்களை இயக்கும் பாதையில் விழுந்தால் பாரிசவாதமாகத் தெரியும். வேறிடத்தில் விழுந்தால் எவருக்கும் தெரியாது. நித்திரையில் அந்தக் குழி விழுந்திருக்கும், அவர் காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்துக் கோயிலுக்கும் போயிருப்பார். ஸ்கானில் பழைய குழிகள் இரண்டு மூன்று இருந்தும், "பாரிசவாதம் வந்ததே இல்லை" என்று வீட்டார் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் சொல்வது பொய்யல்ல, வந்தது தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அது எப்படித் தெரியும்

மறதி நோய் என்றவுடன் ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்கும் ஒருவரைத்தான் நினைக்கிறோம். சிறு இரத்தக்குழாய் நோய் அப்படித் தொடங்குவது குறைவு. முதலில் வருவது தாமதம். கேட்டால் பதில் வரும், நேரமெடுத்து வரும். அடுத்து ஒழுங்கு குலையும். ஆட்டத் திவசத்துக்கு முப்பது பேருக்குத் தனியாகச் சமைத்த அம்மா, இப்போது சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் மரக்கறி வெட்டவே தொடங்குவார், பருப்பு தயாராகும்போது தேங்காய் இன்னும் துருவியிருக்காது. சமையல் தெரியும், உப்பும் புளியும் சரியாகவே இருக்கும், எதை எதற்குப் பின் செய்வதென்ற திட்டம்தான் கைநழுவும். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர் வங்கிப் படிவத்தை நிரப்பாமல் மகளிடம் நீட்டுவார். ஒருவரின் பெயர் நினைவுக்கு வராது. முதல் எழுத்தைச் சொன்னால் உடனே வந்துவிடும். மூளையில் சேமித்தது அழியவில்லை, எடுக்கும் வழிதான் பழுதாகியிருக்கிறது. மறதி நோயின் பரவலான வகையான அல்சைமரில் முதலெழுத்தை எடுத்துக்கொடுத்தாலும் பெரும்பாலும் பலன் இராது.

நடை இன்னொரு அடையாளம். அடிகள் குறுகும், பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது மாதிரி இருக்கும், திரும்பும்போது தடுமாறும். முழங்கால் வருத்தம் என்று அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டிருப்போம். மூத்திரம் அவசரமாக வரும், அதைப் புரஸ்டேட் என்போம். ஒன்றிலும் அக்கறையில்லாமல் கதிரையில் இருப்பார், அதைச் சோம்பல் என்போம் அல்லது அம்மா போனதிலிருந்து ஐயா இப்படித்தான் என்போம். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம். முன்பு சொன்ன தாமதத்தோடு இந்த மூன்றும் சேர்ந்து ஓரிரு வருடத்துக்குள் வந்தால் மூளையின் சிறு குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். பரிசோதனையில் தேதி, இடம், மூன்று சொற்கள் மட்டும் கேட்டு முடித்தால் இது பிடிபடாது, 30 க்கு 28 கூட வாங்கிவிடுவார். 2005 இல் வெளியான மொக்கா என்ற பரிசோதனையில் பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொல்வார்கள், எண்களையும் எழுத்துகளையும் மாறிமாறி இணைக்கச் சொல்வார்கள். தடுமாற்றம் அங்கேதான் வெளிப்படும்.

சிறு குழாய் நோயும் அல்சைமரும் தனித்தனியாக வருவதைவிடச் சேர்ந்து வருவதே முதியவர்களிடம் சாதாரணம். 1997 இல் அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகளைப் பற்றிய ஆய்வொன்று இதைத் துலக்கமாகக் காட்டியது. இறந்த 102 பேரின் மூளைகளைப் பரிசோதித்ததில் 61 பேருக்கு அல்சைமரின் அடையாளங்கள் இருந்தன. ஆனால் அவர்களில் சிலருக்கு உயிரோடிருந்தபோது மறதி நோய் வெளிப்படவே இல்லை. ஆழ்பகுதியில் ஒன்றிரண்டு சிறு குழிகளும் கூடவே இருந்தவர்களுக்குத்தான் நோய் வெளிப்படும் வாய்ப்பு மிக உயர்ந்திருந்தது. இதை நான் நம்பிக்கை தரும் செய்தியாகவே வாசிக்கிறேன். அல்சைமரின் படிவுகளைத் தடுக்க இன்று நம்மிடம் இருப்பது கொஞ்சம். குழாய்களைக் காக்க இருப்பதோ தாராளம். கொழும்புக்கு வடக்கே ராகமையில் நடந்து 2003 இல் வெளியான ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் கண்டது. இலங்கையின் சனத்தொகை அதன்பின் வேகமாக முதுமையடைந்து வருகிறது.

பிரஷரைக் குறைத்தால் மறதி குறையுமா

இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்க நெடுங்காலம் எடுத்தது. நடுவயதில் பிரஷர் கூடியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் கூடுதலாக வருவது பல தசாப்தங்களாகத் தெரிந்ததுதான். லண்டன் அரச ஊழியர்களைத் தொடர்ந்த வைட்ஹோல் ஆய்வு 2018 இல், 50 வயதில் மேல் எண் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று காட்டியது. இருதய நோயே வராதவர்களிலும் அது அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டு விடயங்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தும் என்று ஆகாது. அதற்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். 1998 இல் ஐரோப்பாவில் ஒரு சோதனை மறதி நோய் பாதியாகக் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் நோய் வந்தவர்கள் ஒரு பக்கம் 21 பேர், மறுபக்கம் 11 பேர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் எவரும் உறுதியாக நிற்க முடியாது.

திருப்பம் ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க சோதனையோடு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்ட, நீரிழிவும் முன்பு பாரிசவாதமும் இல்லாத 9361 பேர். ஒரு பாதியினருக்கு மேல் எண்ணை 140 க்குக் கீழ் கொண்டுவருவது இலக்கு, மறு பாதியினருக்கு 120 க்குக் கீழ். இருதய நோய்களும் இறப்பும் இரண்டாம் குழுவில் தெளிவாகக் குறைந்ததால் 2015 இல் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நோயாளிகளுக்கு அது நல்ல முடிவு. மூளைக் கேள்விக்கு அது இடைஞ்சலாகப் போனது, ஏனென்றால் மறதி நோய் மூன்று வருடத்தில் வந்து நிற்கும் நோயல்ல. 2019 இல் மூளை பற்றிய முடிவுகள் வந்தபோது மறதி நோய் 120 குழுவில் 149 பேருக்கு, 140 குழுவில் 176 பேருக்கு. 17 வீதம் குறைவு, ஆனால் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள். அதற்கு முந்திய படியான இலேசான அறிவாற்றல் குறைபாடு மட்டும் 19 வீதம் குறைந்தது, அது தற்செயல் எல்லையைத் தாண்டிய குறைவு. ஸ்கான் செய்யப்பட்டவர்களில், நான்கு வருட அளவில் அந்த வெண்பொருள் திட்டுகள் 140 குழுவில் 1.45 கன சென்ரிமீற்றர் பெருகின, 120 குழுவில் 0.92. நம் அறிக்கையில் எவரும் வாசிக்காத அந்த வரி, சிகிச்சையால் மெதுவாக்கக்கூடியது என்பதற்கு அளவெடுத்த சாட்சி அது. இரண்டு குழுக்களுக்கும் சராசரி வித்தியாசம் எத்தனை மருந்து என்று பார்த்தால், ஏறத்தாழ ஒன்று. இரண்டுக்குப் பதில் மூன்று.

எஞ்சியிருந்த சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்தது சீனாவின் கிராமப்புறம். 326 கிராமங்கள், 40 வயதுக்கு மேற்பட்ட 33,995 பேர், முடிவு 2025 இல் வெளியானது. பாதிக் கிராமங்களில், முழு மருத்துவப் பட்டம் இல்லாத கிராம வைத்தியர்கள் எழுதிவைத்த ஒழுங்குப்படி மருந்தைத் தொடங்கிக் கூட்டிக் குறைத்து 130/80 க்குக் கீழ் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே அளக்கக் கருவி கொடுத்தார்கள், மருந்துச் செலவைக் குறைத்தார்கள். நான்கு வருடத்தில் மறதி நோய் 15 வீதம் குறைந்தது, இம்முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல். நரம்பியல் நிபுணர் ஒருவரும் தேவைப்படவில்லை என்பதே எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. நம் நாட்டிலும் இதற்கான வழி தெரியாமல் இல்லை. இலங்கையின் நகர்ப்புற கிளினிக்குகளில் 700 பேரிடம் செய்து 2018 இல் வெளியான சோதனையில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 வீதமானோர் இலக்கை எட்டினார்கள். வழமையான சிகிச்சையில் 55 வீதம்தான்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு 85 வயதுப் பாட்டியின் பிரஷரை 120 க்கு இறக்கச் சொல்லக் கூடாது. அந்த 120, அமைதியான அறையில் ஐந்து நிமிடம் இருத்தித் தானியங்கிக் கருவியால் எடுத்தது, நெரிசலான கிளினிக்கில் எடுக்கும் 120 க்கு அது சமமல்ல. ஏற்கெனவே தளர்ந்தவர்கள், எழும்பும்போது தலைசுற்றுகிறவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் ஆகியோருக்கு அதிகம் இறக்கினால் விழுந்து இடுப்பு முறியும். எழும்பி 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருந்தை மீளப் பார்க்க வேண்டும். நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படும். உண்மையில் வேலை நடக்க வேண்டிய காலம் 40 இலிருந்து 65 வரை. அந்த வயதில்தான் நாம் கிளினிக் பக்கமே போவதில்லை.

அளப்பதில் நடக்கும் பிழைகள்

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பஸ்ஸில் நின்று, நம்பர் எடுத்து, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, கூப்பிட்டவுடன் ஓடிப்போய் இருந்த ஒருவருக்குச் சட்டைக் கைக்கு மேலாகக் கஃப்பைச் சுற்றி, "இப்ப எப்பிடி இருக்கு? குளிசை போட்டனீங்களோ?" என்று கதைத்துக்கொண்டே எடுக்கும் அளவை வைத்து மருந்து கூடுகிறது அல்லது குறைகிறது. இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் அன்று பிரஷர் குளிசையும் போட்டிருக்க மாட்டார். வெறும் வயிறு என்றால் சாப்பாடும் நீரிழிவு மருந்தும்தான் நிறுத்த வேண்டும், பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம். இதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. இதற்கு எதிர்மாறானவர்களும் உண்டு. மாதம் முழுக்க ஒழுங்கில்லாமல் போட்டுவிட்டு, கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள் மட்டும் தவறாமல் போடுவார்கள். கொப்பியில் 128 என்று அழகாகப் பதிவாகும்.

ஆகவே வீட்டில் அளப்பதே மேல். அளப்பதற்கு முந்திய அரை மணித்தியாலம் தேநீர், கோப்பி, சிகரெட் வேண்டாம். மூத்திரப்பை நிறைந்திருந்தால் போய்விட்டு வாருங்கள். முதுகு சாயும் கதிரையில், பாதம் இரண்டும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கையை மேசைமேல் வைத்துக் கஃப் நெஞ்சின் மட்டத்தில் இருக்கப் பாருங்கள். கை தொங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் 7, 8 கூடிக் காட்டும். கஃப் வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம், காலையில் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும், ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேலென்றால் பிரஷர் உண்டு. முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து, கூடிய கையிலேயே பிறகு தொடருங்கள். இரண்டுக்கும் 15 இற்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஒரு பக்க நாடி ஒடுங்கியிருக்கலாம். அந்த ஒரு தாளைக் கிளினிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு போனால் வைத்தியரின் வேலை இலகுவாகும்.

குளிசையை விடுவதற்கான காரணங்கள்

"பிரஷர் நோமலுக்கு வந்திட்டுது, பிறகேன் குளிசை?" என்பது முதல் காரணம். நோமலில் வைத்திருப்பதே அந்தக் குளிசை என்பதை ஒவ்வொரு மாதமும் சொன்னாலும் தகும். மற்றக் காரணங்களில் நியாயம் இருக்கிறது, அதைக் கேட்பார் இல்லை. எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும், லொசார்டனுக்கு மாற்றினால் நிற்கும். அம்லோடிப்பின் கணுக்காலை வீங்க வைக்கும், அளவைக் குறைத்து வேறொன்றைச் சேர்க்கலாம். மூத்திரம் போக்கும் குளிசையைக் காலையில் போட்டுவிட்டு வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு பஸ்ஸில் போகும் பெண்ணுக்கு வழியில் ஒதுங்க இடமில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறாள். போன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் போடலாம் என்று சொன்னால் போதும். அதே குளிசை முதியவர்களில் சிலருக்கு இரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். அப்போது வரும் குழப்பமும் தடுமாற்றமும் மறதி நோய் போலவே இருக்கும், ஒரு இரத்தப் பரிசோதனையில் பிடிபடும், திருத்தலாம். முழங்கால் நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் பிரஷரை ஏற்றும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். பிரஷர் குளிசையைக் கூட்டுவதற்கு முன் அதை நிறுத்திப் பார்ப்பதுதான் முறை.

உப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அளவுதான் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிக்குள் முழுநாளும் அடங்க வேண்டும். கறியில் குறைத்துவிட்டுப் பாண், கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், சூப் கட்டி, பக்கெட் நூடில்ஸ் ஆகியவற்றில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பாரிசவாதத்தை 14 வீதம் குறைத்ததாகச் சீனாவில் 20,995 பேரிடம் நடந்து 2021 இல் வெளியான சோதனை காட்டியது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும் லொசார்டன், எனலாப்ரில் போடுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது, இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

மற்றவை

2024 இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, திருத்தக்கூடிய 14 காரணங்களை எடுத்துச் சொல்லி, மறதி நோயில் 45 வீதமளவு அவற்றோடு தொடர்புடையது என்றது. நடுவயதின் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் அதில் புதிதாகச் சேர்ந்தது. கேட்கும் திறன் குறைவும் அதில் உண்டு, காதுக் கருவி போட வெட்கப்படும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் குளிசையால் மறதி வருகிறது என்ற பேச்சைப் பெரிய சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. அதே சோதனைகள், எழுபதில் தொடங்கும் ஸ்டற்றின் மறதியைத் தடுக்கும் என்றும் காட்டவில்லை. மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் தடுக்க அது தேவை, அந்தக் காரணத்துக்காகவே போட வேண்டும். "இரத்தம் தடிக்காமல் இருக்க" என்று தாமாகவே அஸ்பிரின் போடுகிறவர்கள் நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் பேச வேண்டும். மாரடைப்போ இரத்தக்குழாய் அடைப்பால் பாரிசவாதமோ வந்தவருக்கு அது பொதுவாக அவசியம். ஒன்றும் வராத முதியவர்கள் 19,114 பேரிடம் செய்த சோதனையில் மறதி குறையவில்லை, இரத்தப்போக்குத்தான் கூடியது.

அந்த வரியோடு அறிக்கை கையில் கிடைத்தால் கேட்க வேண்டியவை: வீட்டு பிரஷர் சராசரி, எழும்பி நின்ற அளவு, நாடி ஒழுங்காகத் துடிக்கிறதா என்பதும் ஒரு ஈ.சி.ஜி.யும், மூன்று மாதச் சீனிச் சராசரி, எல்.டி.எல்., தைரொயிட், பி12. நீரிழிவுக்கு மெற்போமின் நெடுநாள் போடுபவர்களிலும் மரக்கறி மட்டும் சாப்பிடும் சைவ வீடுகளிலும் பி12 குறைவது சாதாரணம். குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறதா என்று மனைவியிடம் கேட்க வேண்டும். தடிமனுக்கும் நித்திரைக்கும் போடும் பழைய குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அவற்றில் சில தாமே மூளையை மந்தமாக்கும். நாடி ஒழுங்கற்றுத் துடிக்கிறது என்று தெரிந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று உடனே தீர்மானிக்க வேண்டும். வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால் அதை வாயு என்று விட்டுவிடுகிறோம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். சரியாகாமல் நின்றால் உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணித்தியாலம்தான் எல்லை.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பார்சலில் "மூளைக்கு நல்லது" என்று ஜிங்கோ என்ற மூலிகைக் குளிசைப் போத்தல் ஒன்று அடிக்கடி இருக்கும். 3069 முதியவர்களிடம் செய்து 2008 இல் வெளியான சோதனையில் அது மறதி நோயைக் குறைக்கவில்லை. அந்தக் காசுக்கு மேற்கையில் கட்டும் பிரஷர் கருவி ஒன்று வாங்கலாம். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்குவதற்கு முன் பெற்றோரிடம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து சொல்லச் சொல்லுங்கள். கஃப்பில் 22 முதல் 32 என்று அச்சடித்திருந்து, கை 35 சென்ரிமீற்றர் இருந்தால் பிரஷர் கூடிக் காட்டி, தேவையில்லாத குளிசை சேரும். அனுப்புகிறவருக்கே நாற்பது தாண்டியிருந்தால் இரண்டு கருவி வாங்கட்டும், இரண்டாவது அவருடைய வீட்டுக்கு.